பாக்ஷா வீட்டு மரத்துக்கு வரன் பார்த்த கதை

எங்கள் வீட்டு ஹாலி மரம் தானாகவே காய்க்கும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். நம்பாமலிருக்கக் காரணமும் இல்லை. பாக்ஷா குடும்பத்தில் யாரும் யாரிடமும் போய் உதவி கேட்டதில்லை. அந்த வீட்டு மரம் மட்டும் எப்படிக் கேட்கும்?

மரத்தை வைத்தவர் என் தாத்தாவுக்குத் தாத்தா. எங்கள் ஊர் இங்கிலாந்தில், டெர்பிஷயரின் மேட்டுப் பகுதியில் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லும் புல்லும் காற்றும் வேண்டிய மட்டும் உண்டு. மரம் என்று சொல்லும்படி நிற்பவை கொஞ்சம். அதில் குளிரிலும் பச்சை மாறாத ஹாலி இரண்டே இரண்டுதான் இருந்தன. எங்கள் வாசல் மரம் டிசம்பர் வந்தால் இலை தெரியாமல் பழமாகச் சிவந்து நிற்கும். மற்றது அடுத்த வீட்டு ஈனாக் ஃப்ரித்துடையது. சுண்ணாம்புக் கல் வெட்டுமிடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய மரம் ஒரு வருஷம்கூட, பேருக்கு ஒரு பழம்கூடக் கொடுத்ததில்லை. கரடுமுரடாக வளர்ந்து, சுவரைத் தாண்டி எங்கள் மரத்தின் மேல் கையைப் போட்டுக்கொண்டு நிற்கும். உதிர்ந்த முள் இலையெல்லாம் எங்கள் டியூலிப் பாத்தியில். மதுக்கடை வாசலில் வேலையில்லாமல் சாய்ந்து நிற்கும் ஆளைப் பார்த்தால் எனக்கு அந்த மரம்தான் நினைவுக்கு வரும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, பாக்ஷா குடும்பத்தில் மூத்தவர் பழத்தோடு கட்டிய ஹாலி வளையத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கோயிலின் நடுவழியே நடந்து, பிரசங்க மேடைக்கு மேலே மாட்ட வேண்டும். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு கிளை என்று ஊராருக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கிளை வாசல் தாண்டி உள்ளே வராமல் எங்கள் ஊரில் யாரும் கிறிஸ்துமஸ் புட்டிங்கில் கத்தி வைப்பதில்லை. போர் நடந்த வருஷங்களில்கூட இது நின்றதில்லை. அப்பா இறந்த பிறகு வளையத்தை ஏந்துவது நான். தம்பி ஹ்யூபர்ட் ஆண்பிள்ளைதான், ஆனால் இளையவன். தவிர, அவன் நடந்தால் தபால்காரர் வீடு தேடுவது போல இருக்கும். நாங்கள் இருவருமே திருமணமாகாதவர்கள். யாரும் கேட்காததால் அல்ல என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ராணிக்கு முடிசூட்டிய வருஷம், தெருவில் கட்டிய கொடித் தோரணம் ஃப்ரித்தின் கிளையில் மாட்டிக் கிழிந்தது. நாட்டின் கொடி. நான் ஊர் மன்றத்தில் எழுந்து, சுவரைத் தாண்டிய கிளைகளை அவர் அகற்ற வேண்டும் என்று சொன்னேன். மன்றம் ஒத்துக்கொண்டது. ஃப்ரித் எழுந்து வெளியே போனார். மறுநாள் காலை கோடாரிச் சத்தம் கேட்டது. மதியத்துக்குள் மரமே கீழே கிடந்தது.

"ஹாலியை அடியோட வெட்டினா வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்களே," என்று தபால் நிலையத்தில் திருமதி யோமன்ஸ் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"வெட்டினது அவர். ஆகாம போறதும் அவர் வீட்டுக்குத்தான்," என்றேன்.

அடுத்த வருஷம் எங்கள் மரத்தில் பழம் இல்லை.

ஒரு வருஷம் மரம் ஓய்வு எடுப்பது வழக்கம்தான் என்று வெறும் இலையைக் கட்டி எடுத்துப்போனேன். அதற்கடுத்த வருஷமும் இல்லை. ஹ்யூபர்ட் செய்யாத பணிவிடை இல்லை. அடியில் மக்கின இலையைப் பரப்பினான். தண்டைத் தொடாமல் பரப்ப வேண்டுமாம், தொட்டால் பட்டை அழுகுமாம். அடுப்புச் சாம்பல் போட்டான். புழு அரித்துப் பழுப்பேறிய இலைகளைப் பொறுக்கி எரித்தான். நான் களைக்கொத்தியை எடுத்தால் ஓடி வந்து பிடுங்கிக்கொள்வான்.

"கொத்தாதே லெட்டி. அதோட வேர் மேலாகவே ஓடும்."

இவ்வளவுக்கும் மரம் செழிப்பாக, பளபளவென்று, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வேலை செய்யாத பணக்கார வீட்டு மருமகள் மாதிரி நின்றது. மே மாதம் பூத்துக் கொட்டியது. டிசம்பரில் பச்சை இலை.

மூன்றாவது வருஷம் ஹ்யூபர்ட் மெழுகை உருக்கிச் சிவப்புச் சாயம் கலந்து, உருட்டி, கம்பியில் கோத்துப் பழம் செய்தான். பத்தடி தூரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நானே வளையத்தை மாட்டினேன். பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் அந்த வருஷம்தான் குளிருக்கென்று புதிதாக எண்ணெய் அடுப்பு வைத்திருந்தார்கள். உலகுக்குச் சமாதானம் உண்டாவதாக என்று பாதிரியார் கையை உயர்த்தியபோது அவருடைய வெள்ளை அங்கியின் தோளில் சிவப்பாகச் சொட்டியது. பிறகு கையில். பிறகு வேதப் புத்தகத்தின் மேல். முன் வரிசையில் ஒரு கிழவி, "ஐயோ, குத்திட்டாங்க!" என்று அலறிவிட்டாள்.

பாதிரியார் க்ரோமர் சின்ன வயசுக்காரர், சாது, வீட்டுக்குப் பின்னால் தேனீ வளர்ப்பவர். ஜனவரியில் எங்கள் வீட்டுக்கு வந்து, டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கோயில் குழுவுல பேசினோம் மிஸ் பாக்ஷா. இந்த வருஷமும் பழம் இல்லேன்னா, திருமதி யோமன்ஸ் தெற்கே சந்தையிலேருந்து வரவழைக்கிறேன்னு சொல்றாங்க. அவங்களே எடுத்துட்டு நடக்கவும் தயாரா இருக்காங்க."

"தபால்தலை விக்கிறவ. அவ நடக்கறதா?"

"பழம் இருந்தா அந்தப் பேச்சே இல்ல. ஆனா உங்க மரம்... எப்படிச் சொல்றது... அது பெண் மரம்."

"எங்க வீட்டு மரம் அப்படித்தான் இருக்கும்."

"பெண் மரம் காய்க்கணும்னா பக்கத்துல ஒரு... ஒரு..."

"ஒரு என்ன?"

"துணை வேணும்," என்றார். ஹ்யூபர்ட்டின் கரண்டி தரையில் விழுந்தது.

"தலைமுறை தலைமுறையா துணை இல்லாமத்தான் காய்ச்சுது, மிஸ்டர் க்ரோமர்."

"இருந்துது மிஸ் பாக்ஷா. சுவருக்கு அந்தப் பக்கம்."

இதற்கு மேல் ஒரு பெண் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அவருடைய தொப்பியை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் போன பிறகு ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தேன். எங்கள் வாசலில், எங்கள் கண்ணெதிரே, என் தாத்தா பைப் புகைத்த பெஞ்சுக்கு நேர் மேலே! நாங்கள் ஒன்றும் தெரியாமல் அந்தப் பழங்களைக் கோயிலுக்கு எடுத்துப் போயிருக்கிறோம்.

ஆனாலும் யோமன்ஸ் நடுவழியில் நடப்பதை நான் உயிரோடு இருந்து பார்ப்பதாக இல்லை. மார்ச் மாதம் ஹ்யூபர்ட்டை அழைத்துக்கொண்டு சந்தை ஊரில் இருக்கும் செடித் தோட்டத்துக்குப் போனேன். தொட்டிகளில் வரிசையாக ஹாலி நின்றது.

"ஆணா பொண்ணான்னு கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு வாங்கலாம் லெட்டி," என்றான் ஹ்யூபர்ட்.

"பொது இடத்துல அந்தக் கேள்வியெல்லாம் கேக்காதே. கழுத்துல அட்டை தொங்குது பாரு, படி."

அட்டையில் 'கோல்டன் கிங்' என்று எழுதியிருந்தது. ஆள் உயரம், இலைக்கெல்லாம் பொன் கரை. முள்ளும் அதிகமில்லை, நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி இருந்தது. ராஜா என்று ராஜாவின் கழுத்திலேயே எழுதியிருக்கும்போது இன்னும் என்ன விசாரணை? கொண்டுவந்து பின்பக்கம் நட்டோம். காற்றுக்கு ஆடாமல் முட்டுக் கொடுத்து, வேர் காயாமல் தண்ணீர் விட்டு, ஹ்யூபர்ட் அதைப் பச்சைப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டான்.

மே மாதம் இரண்டு மரமும் ஒன்றாகப் பூத்தன. நானே ஆள் அனுப்பிப் பாதிரியாரை வரவழைத்தேன், அவரும் பார்க்கட்டும் என்று. அவர் பூதக்கண்ணாடியோடு வந்து ராஜாவின் முன்னால் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"என்ன?"

"பூவுக்கு நடுவுல பாருங்க மிஸ் பாக்ஷா. பச்சையா ஒரு மணி இருக்கில்ல? அதுதான் காயாகறது. ஆணா இருந்தா அந்த மணி இருக்காது. நாலு நரம்பு நீட்டிக்கிட்டு, நுனியில மஞ்சளா மகரந்தத் தூள் இருக்கும்."

"அதனால?"

"இது ராஜா இல்ல. பேரு வெச்சவர் பூவைப் பாக்காம இலையைப் பாத்து வெச்சுட்டார் போல."

வீட்டில் ஏற்கெனவே ஒன்று கரையேற வழியில்லாமல் நிற்க, காசு கொடுத்து இன்னொன்றையும் கூட்டி வந்து வைத்திருந்தோம். ஹ்யூபர்ட் வாயைத் திறந்தான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"ஒரே ஒரு வழி இருக்கு," என்றார் பாதிரியார். "பூத்த ஆண் கிளையை வெட்டி, வாளித் தண்ணில வெச்சு, அந்த வாளியை உங்க மரத்துல தொங்க விடணும். மிச்சத்தை என் தேனீ பாத்துக்கும். ஆனா பூ இந்த வாரம் முடிஞ்சா கொட்டிடும்."

"கிளை யார்கிட்ட இருக்கு?"

பாதிரியார் கண்ணாடியைத் துடைத்தார். "பள்ளத்தாக்குல, டோர்கஸ் அம்மா வீட்டுல. ஃப்ரித்தோட தங்கச்சி. அவர் மரத்துலேருந்து கன்னு எடுத்து வெச்சதுதான் அதுவும். வேணும்னா நான் போய்..."

"நான் போறேன் லெட்டி," என்றான் ஹ்யூபர்ட்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. இந்த மாதிரி விஷயத்துக்கு வீட்டுப் பெரியவங்கதான் போகணும்."

தங்கை வீட்டுக் கிளையை அண்ணனைக் கேட்காமல் வாங்கிவரலாம்தான். அது திருட்டுக் கல்யாணம் மாதிரி. நான் கையுறையும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஃப்ரித்தின் கதவைத் தட்டினேன். அந்தக் கதவை அதற்கு முன் நான் தட்டியதில்லை.

ஃப்ரித் திறந்தார். காலர் இல்லாத சட்டை, கையெல்லாம் மண்.

"என்ன மிஸ் பாக்ஷா, எதாவது சுவர் தாண்டி வந்துடுச்சா? இப்ப என்கிட்ட முள்ளங்கிதான் இருக்கு. அது தாண்டாது."

"ஒரு விஷயமா வந்தேன் மிஸ்டர் ஃப்ரித். உங்க தங்கச்சி வீட்டு மரத்துலேருந்து கொஞ்சம் கிளை வேணும். பூவோட."

"பூவோடயா? எதுக்கு, மேசையில வெக்கவா?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். இந்தத் தெருவுல பூனைக்குக்கூடத் தெரியும். இருந்தாலும் வாய் திறந்து சொல்லுங்க. பொண்ணு வீட்டுக்காரங்கதானே முதல்ல பேசணும்?"

"எங்க மரம் காய்க்கணும்."

"அப்படிச் சொல்லுங்க." கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "மூத்தவனை வெட்ட வெச்சுட்டு இளையவனைக் கேட்டு வந்திருக்கீங்க. தைரியம்தான்."

"நான் கேட்டது சுவர் தாண்டின கிளையை. மரத்தை அடியோட சாய்ச்சது நீங்க."

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். சுவரோரம் வெட்டிய அடிமரம் தெரிந்தது. அதன் மேல் ஒரு பழைய சலவைத் தொட்டியைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தார். பார்க்கப் பிடிக்காத ஒன்றை மூடுவது போல.

"ஆமா," என்றார் கடைசியில். "நீங்க விரலைக் கேட்டீங்க, நான் கோவத்துல கழுத்தைக் கொடுத்தேன். வெட்டி முடிச்சப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கலை. அது என் முட்டாள்தனம். உங்களுது வேற கணக்கு. எது பெருசுன்னு பாதிரியார் சொல்லட்டும்."

"கிளை தருவீங்களா?"

"தரேன். வளையத்தைத் தூக்கிட்டு நடக்கறப்ப நானும் கூட நடக்கணும்."

"அது பாக்ஷா வீட்டு வழக்கம்."

"பழம் பாக்ஷா வீட்டுது மட்டும்னா ஃப்ரித் வீட்டு வாசல்ல என்ன வேலை?"

யோமன்ஸ் நடுவழியில் வளையத்தோடு நடப்பதை மனக்கண்ணில் பார்த்தேன். அவள் நடக்கும்போது சாவிக்கொத்து குலுங்கும்.

"ரெண்டடி பின்னால," என்றேன்.

"பக்கத்துல."

"ஒரு அடி பின்னால."

"என் முழங்காலுக்கு எப்படியும் பின்னாலதான் வருவேன். ஆனா பேச்சு பேச்சா இருக்கட்டும். பக்கத்துல."

"காலர் வெச்ச சட்டை போட்டுட்டு வரணும்."

"சாவுக்குப் போட்டுக்கிற சூட் இருக்கு."

"பொருத்தமா இருக்கும்," என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

டோர்கஸ் உலகத்தில் எல்லோரையும் கண்ணு என்று அழைக்கிற பெண். என்னையும் விடவில்லை. கிளைகளை அவளே பார்த்துப் பார்த்து வெட்டி வாளியில் நிறைத்துக் கொடுத்தாள்.

"எங்க பையனை நல்லா பாத்துக்கோ கண்ணு. வெயில் படற மாதிரி தொங்க விடு. தண்ணி பழசாக விடாதே. கூச்சப்படாதே, எல்லா வீட்டுலயும் நடக்கறதுதானே?"

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்து வந்தேன். தபால் நிலையத்துக்கு எதிரில் இறங்கியபோது யோமன்ஸ் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வாளியில யாரு மிஸ் பாக்ஷா?"

"கிளை."

"யார் வீட்டுப் பிள்ளை?"

நான் நடந்துகொண்டே இருந்தேன். மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஹ்யூபர்ட் ஏணி வைத்து ஏறி, வெயில் விழும் பக்கத்தில் வாளியைக் கட்டினான். மறுநாள் வெயிலோடு தேனீக்கள் வந்தன. பாதிரியாரின் தேனீக்கள் என்பதால் ஒரு நிம்மதி. ஆனாலும் அந்த வாரம் முழுக்க வாசல் பக்கத்து ஜன்னல் திரையைத் திறக்க நான் அனுமதிக்கவில்லை.

ஜூனில் பூ கொட்டிய பிறகு ஹ்யூபர்ட் ஏணியிலிருந்தே கத்தினான்: "பிடிச்சிருக்கு லெட்டி! மணி மணியா நிக்குது!" தெருவுக்கே கேட்டது. மெதுவாகச் சொல்லத் தெரியாதவன். அந்தக் கோடையில் மழை தவறியது; காய் உதிராமலிருக்கச் சமையலறைத் தண்ணீரையெல்லாம் அடியில் ஊற்றினோம். கிளையில் கத்தரிக்கோல் போடக்கூடாது என்று ஹ்யூபர்ட் சொன்னான். கிறிஸ்துமஸுக்கு வெட்டுவதே அதற்குப் போதுமாம். அக்டோபரில் காய் சிவந்ததும் ஒரு பெரிய த்ரஷ் பறவை வந்து மரத்தைத் தன் சொத்தென்று முடிவு செய்துகொண்டது. வேறு பறவை வந்தால் கிறீச்சென்று பாய்ந்து விரட்டும். அதன் நெஞ்சு நிமிர்வைப் பார்த்து எனக்கு முதலில் மதிப்பு வந்தது. காவல் காத்துக்கொண்டே அது கமுக்கமாகத் தின்கிறது என்று தெரிந்ததும் அம்மாவின் லேஸ் திரைகளை எடுத்துக் கிளைகளுக்குப் போர்த்தச் சொன்னேன்.

"மணப்பொண்ணுக்கு முக்காடு போட்டாச்சா?" என்று ஃப்ரித் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். நான் காது கேட்காதவளாக உள்ளே போனேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை கோயில் நிரம்பி வழிந்தது. ஆராதனைக்கு வராதவர்களெல்லாம் வேடிக்கைக்கு வந்திருந்தார்கள். வளையம் கனத்தது, இலையைவிடப் பழம் அதிகம். ஃப்ரித் கறுப்பு சூட்டில், முகம் மழித்து, வாசலில் காத்திருந்தார். சோப்பு வாசனை அடித்தது.

"எந்தக் கால் முதல்ல?" என்றார்.

"வலது. பேசாம வாங்க."

நடந்தோம். பாதி வழியில் அவருடைய முழங்கால் பிடித்துக்கொண்டது. அவர் அரை அடி பின்தங்கினார். பிறகு ஒரு அடி. நான் கேட்டிருந்த தூரம்தான் அது. அப்படியே நான் நடந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. நடையைக் குறைத்தேன். வேகமாக நடந்தால் பழம் உதிரும் என்பதற்காக. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து சேர்ந்தார். வளையத்தின் ஒரு ஓரத்தைக் கையில் கொடுத்தேன்; எனக்குக் கை வலித்தது.

வழக்கமாக, 'பாக்ஷா குடும்பத்தாரின் காணிக்கை' என்றுதான் பாதிரியார் சொல்வார். அன்று அவர், "பாக்ஷா, ஃப்ரித் இரு வீட்டாரின் காணிக்கை," என்றார். பின் வரிசையில் யாரோ கை தட்டத் தொடங்கி, அடக்கப்பட்டார்கள். யோமன்ஸ் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். சாவிக்கொத்து குலுங்கியது.

ஆராதனை முடிந்து நான் தட்டோடு வாசலில் நின்று வீட்டுக்கு ஒரு கிளையாகக் கொடுத்தேன். எல்லோரும் குனிந்து வாங்கிப் போனார்கள். ஃப்ரித் கடைசியில் வந்தார்.

"அடுத்த மே மாசமும் வாளி வேணும், இல்ல?"

"வேணும்."

"வந்து கேக்கணும்."

"கேக்கறேன். கதவைத் திறக்கறப்ப கையைக் கழுவிட்டுத் திறங்க."

அவருக்குக் கொடுத்த கிளையில்தான் பழம் எல்லாவற்றையும்விட அதிகம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அதைத் தெளிவுபடுத்த வேண்டியது என் கடமை. தட்டில் கடைசியாக மிஞ்சியது அந்தக் கிளை, மிஞ்சியதைக் கொடுத்தேன். அதைத் தட்டின் அடியில் வைத்தது யார் என்றால், ஹ்யூபர்ட்டாக இருக்கலாம். நான் விசாரிக்கவில்லை.